வாலுக்கு அடியில் ஒரு தகடு

ஓசூர்
10-6-2024

அன்புத் தங்கை அனுப்ரியாவுக்கு அண்ணன் விமல்ராஜ் எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேன். உன் இருமல் எப்படி இருக்கிறது? ஊருக்கெல்லாம் மாத்திரை கொடுக்கிற நர்சம்மா, தனக்கும் ஒன்று போட்டுக்கொண்டால் அரசாங்கத்துக்கு நஷ்டமா வந்துவிடும்?

உன் மலைக்கு டவர் எட்டாது. நீ அஞ்செட்டிக்கு இறங்கி போன் போட்டாலும் பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். இது நாலு பேர் கேட்கிற விஷயம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நானும் மாப்பிள்ளையும் கெலமங்கலத்தில், தாவூத் பாயின் பழைய பட்டுப்புழு ஷெட்டில் மூன்று வருஷமாகக் கட்டுகிற விமானம் முடிகிற கட்டத்துக்கு வந்துவிட்டது. இன்ஜின் பூட்டியாயிற்று, இறக்கை பூட்டியாயிற்று. பாக்கி வால்தான். பெரிய இறக்கை எப்படி நிற்கிறதோ, வாலில் இருக்கிற சின்ன இறக்கையும் அதே மாதிரி நிற்க வேண்டும். ஒரு பக்கம் தூக்கியிருந்தால் மேலே போனதும் வண்டி கவிழப் பார்க்கும். அதற்காக வால் போல்ட்டுக்கு அடியில் மெல்லிய பித்தளைத் தகடு வைத்துச் சரிக்கட்டுவோம். போன வாரம் இடது பக்கம் ஒரு தகடு வைத்து, மேலே ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, குமிழி நட்டநடுவில் நின்றதும் முடுக்கிவிட்டு வந்தேன். நேற்றுப் போய்ப் பார்க்கிறேன், தகடு வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறது!

ஷெட்டுக்கு இரண்டே சாவி. ஒன்று என்னிடம், ஒன்று உன் வீட்டுக்காரரிடம். எனக்கு முதல் ஷிஃப்ட் என்றால் அவருக்கு இரண்டாவது. நான் சாயங்காலம் போவேன், அவர் காலையில் போவார். வேறு யார் கை வைத்திருக்க முடியும்?

தங்கச்சி புருஷனை நிறுத்தி வைத்து "எதுக்கு மாத்தினீங்க?" என்று நான் எந்த முகத்தோடு கேட்பது? நாளைக்கு அதுவே உன் தலையில் விடியும். நீயே பதமாகக் கேட்டுப் பார். நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லாதே.

நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்
விமல்ராஜ்

*

அஞ்செட்டி மலை
21-6-2024

அன்புள்ள அண்ணனுக்கு அனு எழுதுவது.

இருமல் போய்விட்டது. உன் முதுகுவலி போயிற்றா? ஹோட்டல் குருமாவை நிறுத்தினால் வயிறாவது தேறும்.

கடிதம் வந்தது. தகடுதானே, அதற்கு ஏன் இப்படிக் குதிக்கிறாய்? அவரிடம் கேட்கிறேன். ஆனால் நீ முந்திக்கொண்டு எதையும் கேட்டுவைக்காதே. அவர் வாயைத் திறக்காத மனுஷன். ஒரு வார்த்தை தைத்துவிட்டால் ஆறு மாசம் உள்ளேயே வைத்துக்கொள்வார்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. அது பறந்தே ஆக வேண்டுமா? கட்டி முடித்துப் பார்த்தோம், அழகாக இருக்கிறது என்று விடக்கூடாதா? எனக்கு என்று இருப்பது நீங்கள் இரண்டு பேர்தான். அதை நினைத்துக்கொண்டு போல்ட்டை முடுக்கு.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. பாதை சேறாகிவிட்டது.

அனு

*

ஓசூர்
3-7-2024

அன்புத் தங்கைக்கு,

நான் சுகம்தான், ஆனால் மனசு சுகமில்லை. நீ கேட்டாயா, இல்லையா? ஒரு வரி எழுதக் கூடாதா?

மறுபடியும் மாற்றியிருக்கிறார். நான் இடது பக்கம் வைப்பேன், மூன்று நாளில் அது வலது பக்கம் போய்விடும். நம் கம்பெனியில் ஷிஃப்ட் மாறும்போது, வருகிறவன் முதல் வேலையாகப் போனவன் செட்டிங்கைக் கலைப்பான். கேட்டால், "முந்தின ஷிஃப்ட்டுக்காரன் கெடுத்து வெச்சிட்டான் சார்" என்பான். ஆனால் மெஷின் வானத்தில் இருந்து விழப்போவதில்லை. இது அப்படியா?

எனக்கு ஒரு சந்தேகம். முதலில் மேலே போவது நான்தான் என்று போன வருஷமே பேச்சு. "நீங்க பெரியவரு, மச்சான், நீங்களே மொதல்ல போங்க" என்று அவர் வாயால்தான் சொன்னார். இப்போது மனசு மாறிவிட்டதோ என்னவோ. பறக்க அனுமதி கொடுப்பதற்காகப் பெங்களூரில் இருந்து பார்வையிட வருகிறவர் முன்னால் என் வேலையைக் கோணலாகக் காட்டிவிட்டால், அப்புறம் அந்த சீட் யாருக்கு? நீயே யோசித்துப் பார்.

பதில் சீக்கிரம் போடு. வெந்நீர் குடி.

விமல்ராஜ்

*

ஓசூர்
8-7-2024

அன்புள்ள அனுவுக்கு ரத்தினவேல் எழுதுவது.

நீ எப்படி இருக்கிறாய்? ஈரக்காலோடு வீடு வீடாக அலையாதே. ஞாயிற்றுக்கிழமையும் ஓ.டி. போட்டுவிடுகிறார்கள், மழையில் பாதையும் கெட்டுவிட்டது, அதனால்தான் வர முடியவில்லை. தவறாக நினைக்காதே. சமையல் பழகிவிட்டது, ரசம் மட்டும் உன் கைக்கு வராது.

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரமாக யோசித்தேன். உன் அண்ணனைப் பற்றி நானே எழுதுவது முறையில்லை. ஆனால் வேறு யாரிடம் சொல்வேன்?

நான் இரண்டு இறக்கை நுனிக்கும் நூல் கட்டி, பின்னால் நின்று வாலை அதோடு ஒட்டிப் பார்த்து, தகட்டை வலது பக்கம் வைக்கிறேன். அப்போதுதான் வாலும் இறக்கையும் ஒன்றாக நிற்கிறது. ஒவ்வொரு தடவையும் மச்சான் வந்து அதைப் பிடுங்கி இடது பக்கம் வைத்துவிட்டுப் போகிறார். என் மேல் ஏதாவது மனக்கசப்பா? அவருக்கு முன்னால் நான் சீட்டில் உட்கார்ந்துவிடுவேன் என்று பயமா? நான்தான் விட்டுக்கொடுத்துவிட்டேனே.

பெண் கொடுத்த வீட்டுப் பெரியவரை நான் கேள்வி கேட்க முடியாது. நீ கேட்டால் சொல்வார். நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம்.

ரத்தினவேல்

*

அஞ்செட்டி மலை
19-7-2024

என் மாமாவுக்கு அனு எழுதுவது.

உங்கள் கடிதம் வந்ததில் பாதி நாள் சந்தோஷம், பாதி நாள் யோசனை. நான் சௌக்கியம். சாதத்தைக் குழைய விடாமல் வடியுங்கள், உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது.

அண்ணனைக் கேட்டேன். இந்த ஒரு மாசமாக அது ஷெட் பக்கமே போகவில்லையாம். கம்பெனியில் புது லைன் போடுகிறார்களாம், மூச்சு விட நேரம் இல்லையாம். அப்புறம் எப்படித் தகட்டை மாற்றும்? உங்களுக்கே வேலை அலுப்பில் வலது இடது தடுமாறியிருக்கும்.

நீங்கள் அதனிடம் எதையும் கேட்காதீர்கள். அது முன்கோபி. நான் நேரில் வரும்போது பேசிக்கொள்கிறேன். அதுவரை வண்டி அப்படியே ஷெட்டில் இருக்கட்டும். என்ன அவசரம்?

உங்கள் அனு

*

அஞ்செட்டி மலை
19-7-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமாக இருக்கிறேன். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

அவரிடம் கேட்டுவிட்டேன். தகட்டைத் தொடவே இல்லை என்று எழுதியிருக்கிறார். நீ வீணாகச் சந்தேகப்படாதே. ஒருவேளை முடுக்கியது சரியாக இல்லாமல் நழுவியிருக்கும். நீ நேரில் கேட்டால் பெரிய ரசாபாசமாகிவிடும், சொல்லிவிட்டேன். என் மேல் ஆணை.

பெங்களூர்க்காரரை இப்போதைக்கு வரச்சொல்ல வேண்டாம். வால் சரியாகாமல் எப்படிக் காட்டுவாய்? நிதானமாகச் செய்.

அனு

*

ஓசூர்
24-8-2024

அன்புள்ள அனுவுக்கு,

ஆடியில் ஒரு நாள் வந்து உன்னைப் பார்த்தது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. அன்றைக்கே இதைப் பேச வாயெடுத்தேன், நீதான் "வந்த அன்னிக்காவது அந்த வண்டிப் பேச்ச விடுங்க" என்று தடுத்துவிட்டாய்.

உன் அண்ணன் ஷெட்டுக்கே வரவில்லை என்று எழுதினாய். பாய் என்ன சொன்னார் தெரியுமா? "உங்க மச்சானா? நேத்துகூட சாயங்காலம் வந்து டீ வாங்கித் தரச் சொன்னாரே" என்றார். கூடப் பிறந்த தங்கையிடமே பொய் சொல்கிறவர் வேறு எதற்குத் துணிய மாட்டார்?

இப்போது புதிதாக ஒன்று. வால் போல்ட்டுகளின் மேல் மஞ்சள் பெயிண்ட் கோடு போட்டிருக்கிறார். யாராவது திருகினால் கோடு உடையும், காட்டிக்கொடுத்துவிடும். கம்பெனியில் திருட்டுத்தனமாகத் திருகுகிறவனைப் பிடிக்க வைக்கிற கோடு அது. அதை எனக்கு வைத்திருக்கிறார்! கோடு உடைந்தால் உடையட்டும் என்று கழற்றி, வலது பக்கமே வைத்துவிட்டு வந்தேன்.

நீ எதற்கும் மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. உன்னைச் சொல்லிக் குற்றமில்லை.

ரத்தினவேல்

*

ஓசூர்
11-9-2024

தங்கை அனுப்ரியாவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். இனி இந்த விஷயத்தைப் பற்றி எழுத மாட்டேன், இதுதான் கடைசி.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். மஞ்சள் கோடு நாலு போல்ட்டிலும் உடைந்திருந்தது. தொடவே இல்லை என்று உன்னிடம் எழுதினாரே, அந்த உத்தமர்! என்னிடம் வேண்டுமானால் மறைக்கட்டும், கட்டிய பெண்டாட்டியிடமே புளுகுகிறாரே.

நான் முடிவு செய்துவிட்டேன். வருகிற ஞாயிறு 15-ஆம் தேதி அவருக்கு ஓ.டி. இருக்கிறது. பாய் காட்டுக்குப் பின்னால் மனை போட்டு விற்காமல் கிடக்கிற லேஅவுட் உனக்குத் தெரியும், தார் ரோடு நீளமாக ஆளில்லாமல் கிடக்கிறது. தகட்டை என் கணக்குப்படி இடது பக்கம் வைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் ஓட்டிப் பார்த்துவிடப் போகிறேன். சக்கரம் தரையை விட்டு எழும்பினால் எழும்பட்டும். என் வேலை சரியா, அவர் வேலை சரியா என்று அப்போது தெரிந்துவிடும்.

எல்லாம் நல்லபடியாக முடியும். பயப்படாதே.

விமல்ராஜ்

*

கெலமங்கலம்
16-9-2024

அன்புள்ள அனுவுக்கு ரத்தினவேல் எழுதுவது. பக்கத்தில் உன் அண்ணனும் உட்கார்ந்திருக்கிறார்.

இருவருக்கும் கை கால் நன்றாக இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நேற்று நான் ஓ.டி.க்குப் போகவில்லை. ஷெட்டுக்கு வேறு பூட்டுப் போட்டுவிடலாம் என்று விடியும்போதே வந்தேன். ஷட்டர் திறந்திருந்தது. மச்சான் விமானத்தை ஸ்டாண்டில் இருந்து இறக்க ஜாக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க மச்சான் கெளப்பிட்டீங்க?" என்றேன்.

"உன்னைய கேட்டுட்டுத்தான் கெளப்பணுமா? தகட மாத்தி மாத்தி வெச்சு என்னைய சாவடிக்கப் பாத்தியாடா?" என்று சட்டையைப் பிடித்தார்.

"நானா? நீங்கதான் நான் வெக்கறதப் புடுங்கிப் போடறீங்க!" என்று நானும் அவர் கையைத் தட்டிவிட்டேன். பத்து வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் மனசில் இருந்ததை நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு இதுதான் என்று நினைக்கிறேன்.

பாய் ஓடி வந்து நடுவில் நின்றார். மச்சான் வாலின் மேல் ரசமட்டத்தை வைத்து, "பாருங்க பாய், சரியா நிக்குதா இல்லியா?" என்றார். நின்றது. நான் நூலைக் கட்டி, "நீங்களே பாருங்க, கோணலா இல்லியா?" என்றேன். கோணல்தான். பாய் தலையைச் சொறிந்தார். "அப்போ என் மட்டமே பொய்யா?" என்று மச்சான் வெறியோடு ரசமட்டத்தை எடுத்து ஸ்டாண்டின் மேல் பொத்தென்று வைத்தார். குமிழி ஒரு ஓரத்துக்கு ஓடியது.

மூன்று பேரும் குனிந்து ஸ்டாண்டின் காலைப் பார்த்தோம். ஸ்டாண்டை நாங்களே செய்து, நாங்களே சமன் பார்த்து, 'ஓகே' என்று எழுதி வைத்தோம் இல்லையா? கம்பெனியில் ஒரு தடவை ஓகே ஆன, பொருளைத் தாங்கிப் பிடிக்கிற ஃபிக்ஸ்ச்சரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டோம். அதே புத்தி இங்கேயும். பட்டுப்புழுவை எறும்பு தின்னாமல் இருக்க ஷெட்டுக்குள் சுற்றிலும் தண்ணீர் வாய்க்கால் இருந்ததாம். அதை மண் போட்டு மூடி, மேலே சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். ஸ்டாண்டின் இடது கால் அதன் மேல்தான் நின்றிருக்கிறது. மழையில் மண் இறங்க, விமானமே சாய்ந்துவிட்டது. சாய்ந்த விமானத்தில் மச்சான் வாலை மட்டும் தரைக்குச் சமமாக்கிக்கொண்டிருந்தார்.

அந்த வாலோடு லேஅவுட் ரோட்டில் எழும்பியிருந்தால்... எழுதக்கூட வரவில்லை.

இனி அண்ணன் எழுதுகிறேன். அனு, நானும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு டீயைக் குடித்துவிட்டு உட்கார்ந்தோம். "நான்தான் அனுவுக்கு எல்லாத்தையும் எழுதினேனே" என்றேன். "நானும் எழுதினேனுங்களே" என்றார். அவர் தொடவே இல்லை என்று நீ எனக்கு எழுதினாய். நான் ஷெட்டுக்கே வரவில்லை என்று அவருக்கு எழுதியிருக்கிறாய். ஒரே நாள் தேதி போட்டு!

உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஒரு வரி எழுதியிருந்தால் முடிந்திருக்கும். நீ ஏனம்மா மறைத்தாய்? எங்கள் இரண்டு பேருக்குமே இப்போது உன் மேல்தான் சந்தேகம்.

விமல்ராஜ்
ரத்தினவேல்

*

அஞ்செட்டி மலை
27-9-2024

அண்ணனுக்கும் மாமாவுக்கும் சேர்த்து அனு எழுதுவது.

உடம்பு விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நீங்கள் இருக்கிறீர்கள், அது போதும்.

பாதையில் யானை நின்றதால் தபால்காரர் பத்து நாள் மேலே வரவில்லை. இரண்டு கவரும் ஒன்றாக வந்தன. நான் அண்ணனுடையதை முதலில் பிரித்தேன். ஞாயிறு ஓட்டப் போகிறேன் என்று படித்தபோது அந்த ஞாயிறு போய் பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது. இரண்டாவது கவரைப் பிரிக்கக் கை வரவில்லை. அங்கன்வாடி முனிலட்சுமியைக் கூப்பிட்டுப் பிரிக்கச் சொன்னேன். "ரெண்டு பேரு கையெழுத்தும் இருக்குது நர்சம்மா" என்று அவள் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தேன்.

ஏன் மறைத்தாய் என்கிறீர்கள். சொல்கிறேன். அண்ணன் இடது பக்கம் வைக்க, மாமா வலது பக்கம் வைக்க, அந்தச் சனியன் ஷெட்டை விட்டு வெளியே வராது என்று நினைத்தேன். உங்கள் புகார்க் கடிதம் வந்த அன்றெல்லாம் நான் நிம்மதியாகத் தூங்கினேன். சண்டை தீர்ந்தால் பறப்பீர்கள், தீராவிட்டால் தரையில் இருப்பீர்கள் என்று கணக்குப் போட்டேன். பொய் எழுதியது நிஜம். அந்தப் பொய்யே அண்ணனைத் தனியாகச் சாவுக்குத் தள்ளிக்கொண்டு போகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆனால் என்னை மட்டும் கூண்டில் நிறுத்தாதீர்கள். ஒரே கம்பெனி, ஒரே ஷெட், ஒரே விமானம். மச்சான் மாப்பிள்ளை மரியாதை என்று வாயைக் கட்டிக்கொண்டு, இரண்டு பேரும் மலைக்குக் கடிதம் போட்டீர்களே, "அவருக்குத் தெரிய வேண்டாம்" என்று! நான் என்ன உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தபால் பெட்டியா?

பறங்கள். இனி தடுக்க மாட்டேன். ஆனால் என்றைக்கு, யார் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். யார் முதலில் என்று தெரிந்தால், ஒருவருக்காக மட்டும் சாமி கும்பிடுவேன், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். இறங்கின பிறகு எழுதுங்கள். இரண்டு பேர் கையெழுத்திலும் எழுதுங்கள்.

அனு

*

ஓசூர்
6-10-2024
ஞாயிறு மாலை

அன்புள்ள அனுவுக்கு,

இறங்கியாச்சு! முறைப்படி அனுமதி வாங்கி, விமானத்தை லாரியில் ஏற்றி ஓடுதளத்துக்குக் கொண்டு போனோம். வால் நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது. கையை விட்டாலும் ஒரு பக்கமும் சாயவில்லை. இப்போது வீட்டில் கோழிக்குழம்பு வைத்துக்கொண்டிருக்கிறோம். நீ நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கு. - அண்ணன்

மச்சான் சொன்னதெல்லாம் நிஜம். நான் பக்கத்தில்தான் இருக்கிறேன். - ரத்தினவேல்

*

அஞ்செட்டி பஸ் ஸ்டாண்ட்
9-10-2024

அண்ணா, மாமா,

இதைத் தபாலில் போடப்போவதில்லை, கையிலேயே கொண்டுவருகிறேன். நேரில் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது, அழுகைதான் வரும். அதனால் எழுதிவைக்கிறேன், படித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. இரண்டு கையெழுத்தையும் பார்த்துவிட்டு, தடுப்பூசிக்கு வந்த பிள்ளைகளுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தேன். முனிலட்சுமியிடம் கவரைக் காட்டி, "பாரு, எங்க ஆளுங்க பறந்துட்டு வந்துட்டாங்க" என்று பெருமை அடித்தேன். அப்போதுதான் தபால் முத்திரை கண்ணில் பட்டது. ஐந்தாம் தேதி. சனிக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை இறங்கியதைச் சனிக்கிழமையே எழுதிப் போட்டிருக்கிறீர்கள். கோழிக்குழம்பு வேறு!

எதற்காகச் செய்தீர்கள் என்று எனக்குப் புரிகிறது. மழைக்காலத்தில் தபால் தாமதமாகும், அதுவரை இவள் செத்துப்பிழைப்பாள், முன்கூட்டியே போட்டுவிடலாம் என்று இரண்டு பேரும் கூடிப் பேசியிருப்பீர்கள். என்னிடம் மறைப்பதற்கு மட்டும் நீங்கள் ஒற்றுமையாகிவிட்டீர்கள். நான் உங்களுக்குச் செய்ததை எனக்கே திருப்பிச் செய்துவிட்டீர்கள். திட்டக்கூட எனக்கு வாயில்லை.

ஆனால் இப்போது எனக்கு என்ன தெரியும், சொல்லுங்கள். ஞாயிறு போய் இன்றைக்குப் புதன். அண்ணன் போன் அணைந்து கிடக்கிறது. மாமா போன் அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. ஷிஃப்ட்டில் இருப்பீர்கள், போன் லாக்கரில் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பாய் நம்பர் என்னிடம் இல்லை.

தேன்கனிக்கோட்டை பஸ் வந்துவிட்டது. நேரே ஷெட்டுக்குத்தான் வருகிறேன். கதவை யார் திறந்தாலும் சரி, இன்னொருவர் பின்னால் நிற்க வேண்டும்.

அனு